மாலை வானத்தின் நிறம் படத்தில் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

மாலைப் படத்தில் நிறம் வெளுத்துப்போனால் பலரும் உடனே எடிட்டிங்கில் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிறம் தொலைந்தது படம் எடுத்த நொடியில், பெரும்பாலும் வெளிச்சம் கூடிப்போனதால், சில சமயம் கேமரா தானாக ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) திருத்தியதால். சென்சாரில் பதியாத நிறத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது, இருக்கிற நிறத்தைத்தான் கூட்டிக் காட்டும். அதனால் கீழே இருப்பதெல்லாம் கேமரா கையில் இருக்கும்போதே, வானம் இன்னும் அங்கே இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

முதலில் ஒரு பொதுவான தொடக்கத்தை வைத்துக்கொள்வோம், அப்போதுதான் எதை எங்கிருந்து மாற்றுகிறோம் என்று தெரியும். அப்பெர்ச்சர் பிரையாரிட்டி மோட் (லென்ஸ் திறப்பை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப்/8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்தை உணரும் அளவு), ஒயிட் பேலன்ஸ் டேலைட், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா தேர்ந்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அளவு) மைனஸ் 2/3, படம் ரா கோப்பாக (சென்சாரில் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு). காலையில் வேறெதற்கோ ஐஎஸ்ஓவை 3200 வைத்துவிட்டு அப்படியே மறந்திருக்கும் கேமராக்கள் நிறைய, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரையில் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) தெரியும்படி வையுங்கள், அதிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் இருந்தால் அதையே வையுங்கள். ஏன் என்பது இரண்டாவது அறிகுறியில் வரும்.

சூரியனைச் சுற்றிப் பெரிய வெள்ளை வட்டம், வானம் மொத்தமும் வெளுப்பு

கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதை எல்லாம் சேர்த்துச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேமில் பாதிக்கு மேல் இருண்ட மணலும் கட்டடமும் இருந்தால் அதற்காக வெளிச்சத்தை ஏற்றிவிடும், அந்த விலையை வானம் கொடுக்கும். சூரியனை ஃபிரேமுக்கு வெளியே விட்டு, அதற்குப் பக்கத்திலிருக்கும் பிரகாசமான வானத்தை மட்டும் பார்க்கும்படி கேமராவைத் திருப்புங்கள். எக்ஸ்போஷர் லாக் பொத்தானை அழுத்தியபடியே மறுபடி உங்கள் ஃபிரேமுக்கு வந்து எடுங்கள். அந்தப் பொத்தான் கேனானில் நட்சத்திரக் குறி, மற்றவற்றில் பெரும்பாலும் ஏஇ-எல் என்று இருக்கும். நிக்கான், சோனி கேமராக்கள் சிலவற்றில் ஹைலைட்டை, அதாவது மிகப் பிரகாசமான பகுதியை, மட்டும் பார்த்து அளக்கும் மீட்டரிங் முறை ஒன்று உண்டு, இருந்தால் மாலை நேரத்துக்கு அதைவிட நல்லது வேறில்லை.

சூரியத் தட்டு மட்டும் வெள்ளையாகத்தான் வரும், அதைக் காப்பாற்றப் போய் மற்ற எல்லாவற்றையும் கறுப்பாக்க வேண்டாம். இன்னொன்று, தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் டெலி லென்ஸ் போட்டிருக்கும்போது டிஎஸ்எல்ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. அடிவானத்தைத் தொடுகிற சூரியனாக இருந்தாலும் கண்ணுக்கு ஆபத்துதான், பின்பக்கத் திரையில் பாருங்கள்.

ஆரஞ்சாக இருந்த வானம் படத்தில் மஞ்சளாக வருகிறது

மாலைப் படங்களில் மிக அதிகமாக நடப்பதும், மிகக் குறைவாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான். படம் வெளுத்த மாதிரியே தெரியாது, ஹைலைட் எச்சரிக்கை கூடச் சில கேமராக்களில் மின்னாது, ஆனால் நேரில் பார்த்த அந்த ஆழமான ஆரஞ்சு எலுமிச்சை மஞ்சளாகி நிற்கும். ஒயிட் பேலன்ஸ் தப்பு என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், சரியாகாது.

நடப்பது இது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒரு நல்ல ஆரஞ்சு என்றால் சிவப்பு 250, பச்சை 140, நீலம் 40 என்ற மாதிரி இருக்கும். இப்போது ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அதாவது இரண்டு மடங்காக்குங்கள் (ஜேபெக் எண்கள் அதே அளவில் இரட்டிப்பாகாது). சிவப்பு ஏற இடமே இல்லை, 255-இல் முட்டி நிற்கும். பச்சையோ 190 பக்கம் போய்விடும், நீலமும் 60-ஐ நெருங்கும். சிவப்பு ஏறாமல் பச்சை மட்டும் ஏறினால் அது மஞ்சள். இன்னொரு ஸ்டாப் கூட்டினால் பச்சையும் முட்டிக்கொள்ளும், அப்புறம் வெள்ளையை நோக்கிப் போவதுதான் பாக்கி.

சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்றையும் கலந்து ஒரே கோடாகக் காட்டும், அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் அதிகப் பங்கு. அதனால் சிவப்பு மட்டும் வெடித்திருந்தாலும், அதாவது 255-இல் முட்டியிருந்தாலும், அது பேசாமல் இருந்துவிடும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கள். வலது ஓரச் சுவரில் குவிந்து நின்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 ஆக்கி ஒரு படம், மைனஸ் 1 2/3 ஆக்கி இன்னொரு படம். சிவப்புக் கோடு சுவரைத் தொடாமல், கொஞ்சம் இடம் விட்டு முடிகிற படத்தில் ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கும். திரையில் அது சற்று இருட்டாகத் தெரியலாம், பரவாயில்லை, ரா கோப்பில் நிழல் பகுதியை ஏற்ற நிறைய இடம் இருக்கிறது. வெடித்த சிவப்பை இறக்கத்தான் வழியில்லை.

நிறம் இருக்கிறது, ஆனால் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது

ஹிஸ்டோகிராம் சரி, எதுவும் வெடிக்கவில்லை, ஆனாலும் வானம் பகல் மூன்று மணி மாதிரி சாதுவாக இருக்கிறதென்றால் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கிறது. ஆட்டோவின் வேலையே நிறச் சாயலை நீக்குவதுதான். வீட்டுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அது உதவி. மாலையிலோ நாம் தேடி வந்த சாயலையே துடைத்துவிடும்.

டேலைட் வைத்தால் சுமார் 5200 முதல் 5500 கெல்வின், நேரில் பார்த்த நிறத்துக்கு நெருக்கம். ஷேட் என்பது 7000-க்கு மேலே, இன்னும் செம்மை கூடும், எனக்கு அது கொஞ்சம் மிகை, ஆனால் மேகம் கனத்த நாளில் உதவும். சூரியன் மறைந்து நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது 4000 பக்கம் இறக்கினால் நீலம் ஆழமாகும். ராவில் எடுத்தால் பிறகு மாற்றலாமே என்பீர்கள், மாற்றலாம்தான். ஆனால் கேமரா திரையில் தெரியும் படமும் ஹிஸ்டோகிராமும் அந்த நேரத்து ஒயிட் பேலன்ஸை வைத்து உருவாக்கிய ஜேபெக்கிலிருந்து வருபவை. அதுவே தப்பாக இருந்தால் சிவப்புக் கோட்டைப் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவும் தப்பாகும்.

போலரைசர் வடிகட்டி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அதன் வேலை அதிகம், நேரே மேற்கைப் பார்க்கும்போது வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர பெரிதாக எதுவும் செய்யாது.

இளஞ்சிவப்பு வானம் அழுக்காக வருகிறது

மேலே சொன்ன மைனஸ் 1 எல்லா மாலைக்கும் பொருந்தாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மெரினாவில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், நகரத்துக்குப் பின்னால் மறையும். அது மறைந்த கொஞ்ச நேரத்தில் கிழக்கே கடலுக்கு மேல் நீலச் சாம்பல் பட்டை ஒன்று எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல், மேலே இருப்பது செஞ்சூரிய ஒளி காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்புவது. கன்னியாகுமரியிலும் இப்படித்தான், மாலையில் எல்லோரும் மேற்கே ஓடுவார்கள். ஆனால் திருவள்ளுவர் சிலை இருக்கும் பக்கம் திரும்பினால், விவேகானந்தர் பாறைக்குப் பின்னால் இந்த மென்மையான நிறங்கள் வந்து நிற்கும். காலையில் கறுத்த நிழலுருவாகத் தெரிகிற அதே சிலை மாலையில் வெயில் வாங்கி நிற்பதையும் அங்கேதான் பார்க்கலாம்.

இவையெல்லாம் வெளிறிய நிறங்கள். வெளிச்சம் குறைந்தால் இளஞ்சிவப்பு செங்கல் தூளாகிவிடும். ஃபிரேமுக்குள் விளக்கோ சூரியனோ இல்லை என்பதால் வெடிக்கும் பயமும் இல்லை. காம்பன்சேஷனை 0-இலிருந்து பிளஸ் 2/3 வரை கொண்டுபோங்கள். அடர்ந்த நிறத்துக்கு வெளிச்சத்தைக் குறை, வெளிறிய நிறத்துக்குக் கூட்டு, மாலையில் காம்பன்சேஷன் சக்கரத்தைத் திருப்புவதற்கு இதைவிட நம்பகமான கணக்கு எனக்குத் தெரியாது.

முதல் சில படங்கள் நன்றாக இருந்தன, அப்புறம் எடுத்தவை எல்லாம் இருட்டு, இல்லையென்றால் ஆடிப்போனவை

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நம் ஊர்க் கடற்கரைக்கு வருபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அங்கே மாலை வெளிச்சம் நின்று நிதானமாகப் போகும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 8 முதல் 13 பாகைக்குள், சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். மறைந்ததிலிருந்து அது அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போக நமக்கு ஆகும் நேரம் 21 முதல் 24 நிமிடம்தான். லண்டனில் இதே கட்டம் அரை மணி நேரத்தைத் தாண்டும், கோடையில் இன்னும் நீளும்.

அந்த இருபத்துச் சொச்ச நிமிடத்துக்குள் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 400 லக்ஸிலிருந்து 3, 4 லக்ஸுக்கு வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 7 ஸ்டாப். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் போய்க்கொண்டே இருக்கிறது. மேனுவல் மோடில் ஒருமுறை சரியாக வைத்துவிட்டு நண்பர்களோடு பேசிக்கொண்டு ஆறு நிமிடம் கழித்து எடுத்தால் இரண்டு ஸ்டாப் இருட்டு. அப்பெர்ச்சர் பிரையாரிட்டியில் இருந்தால் படம் இருட்டாகாது, ஆனால் உங்களைக் கேட்காமலே ஷட்டர் 1/60-இலிருந்து 1/15-க்கு வந்திருக்கும், கையில் பிடித்து எடுத்தால் ஆடும்.

தோராயமாக இந்த அளவுகளை மனதில் வையுங்கள், எல்லாம் எஃப்/8, ஐஎஸ்ஓ 100-க்கு. சூரியன் மறையும் நேரத்து வானம் 1/60 விநாடி. பத்து நிமிடம் கழித்து 1/8 பக்கம். விளக்கு போட்ட கோபுரமோ கட்டடமோ என்றால் 4 விநாடி, விளக்கின் வலுவைப் பொறுத்து இரண்டு, எட்டு என்று மாறும். வானில் மேகம் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் இவை நகரும், அதனால் தொடக்கமாக மட்டும் பயன்படுத்துங்கள். மேனுவலில் எடுப்பவர்கள் சில படங்களுக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஷட்டரை ஒரு ஸ்டாப் நீட்டிக்கொண்டே போனால் போதும்.

இங்கே ஒரு வேண்டுகோளும் உண்டு. சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உயரத்தில் மெல்லிய மேகங்கள் இருக்கிற நாளில், தரையில் இருப்பவர்களுக்குச் சூரியன் மறைந்த பிறகும் அந்த மேகங்களுக்கு அடியிலிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மேகம் திடீரென்று பற்றிக்கொள்வது அதனால்தான், வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மாலைகளில் காற்றும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருப்பதால் இதற்கு நல்ல வாய்ப்பு. பைக் ஸ்டாண்டில் நின்று திரும்பிப் பார்த்துப் பதறுவதைவிட அங்கேயே நிற்கலாம்.

விளக்கு அலங்காரம் நிறத் திட்டுகளாக வருகிறது, பின்னால் வானம் கன்னங்கரேல்

இதில் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன, ஒன்று நேரம், இன்னொன்று எக்ஸ்போஷர்.

நேரத்தை முதலில் பார்ப்போம். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் நடுவில் இருக்கும் மைய மண்டபம், அதன் விளக்குகள், தண்ணீரில் அதன் பிம்பம். முழுக்க இருட்டிய பிறகு எடுத்தால் விளக்குக்கும் வானத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தை எந்தக் கேமராவும் ஒரே படத்தில் தாங்காது. வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தால் விளக்கு எரிவதே தெரியாது. இடையில், சூரியன் மறைந்து ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம் ஆகும்போது, குறைந்துகொண்டே வருகிற வானமும் அப்படியே நிற்கிற விளக்கும் சில நிமிடங்களுக்கு ஒரே அளவுக்கு வரும். வானம் நல்ல நீலம், விளக்கு தங்கம். இந்தப் படத்துக்கு அந்தச் சில நிமிடம்தான், அதற்கு முன்னாலேயே ட்ரைபாட், ஃபிரேம், ஃபோகஸ் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன் வசதியை அந்த நேரத்தில் அணைத்துவிடுங்கள். 15 விநாடிப் படம் எடுத்தால் இன்னொரு 15 விநாடி அது தன் வேலையைப் பார்க்கும், நமக்கு அந்த நேரம் கிடையாது.

தண்ணீரில் தெரியும் பிம்பம் எப்போதுமே நிஜத்தைவிடச் சற்று இருண்டுதான் இருக்கும். மேல்பாதியை இருட்டாக்கும் கிராஜுவேட்டட் வடிகட்டியில் 3 ஸ்டாப் போட்டால் வானத்தைவிடப் பிம்பம் பளிச்சென்று தெரியும், பார்த்ததுமே ஏதோ உறுத்தும். 1 ஸ்டாப்புக்கு மேல் போகாதீர்கள், அல்லது மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று மூன்று படம் பிராக்கெட்டிங் செய்து பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எக்ஸ்போஷர். இப்போதைய எல்இடி அலங்கார விளக்குகளில் நீல விளக்கு ஏறக்குறைய ஒற்றை நிறத்தைத்தான் உமிழ்கிறது. கோபுரத்தின் மேல் நீல விளக்கு விழுந்தால் சென்சாரில் நீலம் மட்டும் நிரம்பி வழியும், மற்ற இரண்டும் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். சுதைச் சிற்பங்களின் மேடு பள்ளம் எல்லாம் மறைந்து சாயத்தைக் கொட்டிய மாதிரி ஒரு நீலத் திட்டு மிஞ்சும். சிவப்புக்குச் சொன்ன அதே மருந்துதான், இந்த முறை நீலக் கோட்டைப் பார்த்து மைனஸ் 1 1/3 வரையிலும், தேவைப்பட்டால் மைனஸ் 2 வரையிலும் இறக்குங்கள். கேமராவில் விவிட் என்ற பிக்சர் ஸ்டைல் போட்டிருந்தால் ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள், அது திட்டை இன்னும் மோசமாக்கும்.

தெப்பம் மிதந்து வருகிற அன்றைக்கு 4 விநாடி எல்லாம் செல்லாது, தெப்பம் கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200-க்கு ஏற்றி, லென்ஸை எஃப்/2.8 அல்லது எஃப்/4-க்குத் திறந்து, 1/30-க்குக் கீழே போகாமல் எடுங்கள். ஐஎஸ்ஓ கூடினால் புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து 400-இல் இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் ஏற்றினால் அதே புள்ளிகள் அப்போதும் வரும், புள்ளிகளுக்குக் காரணம் வெளிச்சம் போதாததுதான்.

கேமராவில் நன்றாகத் தெரிந்தது, கணினியில் போட்டால் இருட்டு

இருட்டில் நிற்கும்போது கேமராத் திரை டியூப் லைட் மாதிரித் தெரியும், அதைப் பார்த்து வெளிச்சம் போதும் என்று முடிவு செய்கிறோம். திரையின் பிரகாசத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து நடு அளவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். முடிவை ஹிஸ்டோகிராமிடம் விடுங்கள், அது இருட்டிலும் பகலிலும் ஒன்றையே சொல்லும்.

வானம் அருமை, முன்னால் நிற்பவர்கள் கரி

அவர்கள் முகம் வேண்டாம், உருவம் போதும் என்றால் இதுவே நல்ல படம். கைகால்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், அடிவானக் கோடு கழுத்தை வெட்டாமல் நீங்கள் சற்றுக் கீழே குனியுங்கள்.

முகம் வேண்டுமென்றால் ஃபிளாஷ் தவிர வழியில்லை. முதலில் ஃபிளாஷ் இல்லாமல் வானத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், மேனுவலில், ஷட்டர் 1/200-ஐத் தாண்டாமல். அப்புறம் ஃபிளாஷை மைனஸ் 1 அளவில் போடுங்கள். வானம் எவ்வளவு வேண்டும் என்பதை ஷட்டரால் மாற்றலாம், முகத்தின் வெளிச்சத்தை அது தொடாது. முகத்துக்கு ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறையுங்கள். ஒரு முக்கியமான விஷயம், ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெள்ளை, பின்னால் வானம் செம்மை, இரண்டும் ஒட்டாமல் ஸ்டுடியோ பேனர் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். ஃபிளாஷின் முன் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டுங்கள், மாலை வெயில் இன்னும் முகத்தில் இருக்கிற மாதிரி வந்துவிடும்.

ட்ரைபாடில் வைத்தும் கலங்கல்

ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், 2 விநாடி டைமர் போடுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கடற்கரை மணலில் கால்களை அழுத்தி ஊன்றுங்கள், தோள் பட்டை காற்றில் ஆடாமல் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் கலங்கினால் ஃபோகஸைச் சந்தேகிக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸ் திணறும், வானத்தின் வெறுமையில் தேடச் சொன்னால் இன்னும் திணறும். விளக்கும் இருட்டும் சந்திக்கும் விளிம்பில் ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எஃப்/16, எஃப்/22 என்று மூடிக்கொண்டே போனாலும் கூர்மை குறையும், விளக்குகள் நட்சத்திரமாகத் தெரிய எஃப்/11 போதும். படத்தில் விளக்கின் பிம்பம் வேறொரு இடத்தில் பச்சையாக மிதக்கிறதா? லென்ஸுக்கு முன் இருக்கும் யுவி வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

சீரியல் செட் வெளிச்சத்தில் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக ஓடும் விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னும். கேமராவின் சைலண்ட் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் சில வரிகள் மின்னலிலும் சில வரிகள் அணைப்பிலும் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், வேகத்தை 1/100 அல்லது 1/50-இல் நிறுத்துங்கள். ஓடும் எழுத்துப் பலகை, பெரிய எல்இடி திரை போன்றவை வேறு வேகத்தில் மின்னுபவை, அங்கே இன்னும் மெதுவாக, 1/30, 1/25 என்று முயன்று பார்க்க வேண்டியதுதான்.

செல்போன் மாலையைப் பகலாக்கிவிடுகிறது

நைட் மோட் தானாக வந்து உட்கார்ந்துகொண்டு பல படங்களைச் சேர்த்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கும், நிழலே இல்லாத ஒரு மாலை கிடைக்கும். திரையில் நிலா மாதிரி இருக்கும் அந்தக் குறியைத் தொட்டு அணையுங்கள். பிறகு வானத்தில் நிறம் அடர்ந்திருக்கும் இடத்தை விரலால் தொட்டு, விரலை எடுக்காமல் இரண்டு விநாடி அழுத்துங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், மேகத்தின் நிறம் திரையில் கெட்டியாகும் வரை. புரோ மோட் இருக்கும் போன் என்றால் ஒயிட் பேலன்ஸ் 5500, ஐஎஸ்ஓ 100-க்குள், ஷட்டர் மட்டும் மாற்றுங்கள், கையை ஒரு சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ ஊன்றிக்கொண்டு. டிஜிட்டல் ஜூமைத் தொடாதீர்கள், சூரியன் சின்னதாகத் தெரிந்தால் தெரியட்டும். லென்ஸ் கண்ணாடியை எடுப்பதற்கு முன் ஒருமுறை துடையுங்கள், கைரேகை எண்ணெய் படிந்த கண்ணாடி வழியாக வந்தால் விளக்குகளைச் சுற்றிப் புகை மூட்டம் போலப் பரவி, நீங்கள் கீழே இழுத்து மீட்ட நிறத்தை அதுவே வெளுத்துவிடும்.